எட்ட இருந்தும் ஒன்றாய்ப் பணியாற்ற

(ஈப்போவில் நடைபெற்ற பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, "இணையவழிக் குழுக்களை நிர்வகித்தலும் அவற்றில் திறம்படப் பணியாற்றுதலும்" என்பது. படித்தவுடன் ஏதோ கம்பெனிப் பயிற்சிப் பட்டறைக்குப் போவது போல இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இவ்வளவுதான்: சில பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் ஒரே இடத்தில் இல்லை. நான் வேலை பார்க்கும் குழுவும் அப்படிப்பட்டதுதான். பதினொரு பேர். நான் இங்கே ஈப்போவில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். மூவர் பினாங்கில், ஒருவர் அலோர் ஸ்டாரில், மற்றவர்கள் சென்னையில். அந்த அனுபவத்தில் கண்டதைச் சொல்லலாம் என்றுதான் அழைத்தார்கள்.

பொன்விழா மேடையில் இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் சங்கத்தின் பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். முகவரிப் பத்தியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், அல்லது ஈப்போவில் ஒரு கடையின் எண் இருக்கும். இன்றைய பட்டியலில் ஷா ஆலாம் இருக்கிறது, ஜொகூர் பாரு இருக்கிறது, சிங்கப்பூர் இருக்கிறது, மெல்பர்ன்கூட இருக்கிறது. ரப்பர் வெட்டிவிட்டு செம்பனை வைத்தார்கள். சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. பிள்ளைகள் படித்து வெளியேறினார்கள். சங்கம் ஈப்போவில் இருக்கிறது, சங்கத்தின் ஆட்கள் ஈப்போவில் இல்லை. அடுத்த தலைமுறைச் செயலவையில் பாதிப் பேர் மாதக் கூட்டத்துக்கு நேரில் வர முடியாதவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களை வைத்துச் சங்கம் நடத்தத் தெரிந்தால் சங்கம் இருக்கும். தெரியாவிட்டால் கட்டடம் மட்டும் இருக்கும்.

இது நமக்குப் புதிய வித்தை அல்ல. நம் முன்னோர் பலர் இதைச் செய்துதான் பிழைத்தார்கள்.

'சபர்' என்ற சொல் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சபர் போனவர், சபராளி என்போம். ராமநாதபுரம், தஞ்சாவூர், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கடை வைத்தவர்கள், பங்கு சேர்ந்து வைத்தார்கள். பங்காளிகளில் இருவர் கடையில் இருந்தால் ஒருவர் ஊரில் இருப்பார். இரண்டு மூன்று வருடம் கழித்து முறை மாறும். ஊரில் இருந்தவர் வருவார். கடையில் இருந்தவர் பிள்ளை முகம் பார்க்கப் போவார். 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜுலா' கப்பலில் வந்தவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் ஓரிருவர் இருக்கக்கூடும். அந்தக் கப்பல் கொண்டு வந்தது ஆட்களை மட்டுமல்ல, கடிதங்களையும்தான்.

அந்தக் கூட்டு வியாபாரம் எப்படி நிலைத்தது என்று யோசித்துப் பாருங்கள். போனில் பேச முடியாது. தந்தி இருந்தது, 1870-71-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி போட்டுவிட்டார்கள். ஆனால் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. மவுத்துச் செய்திக்கும் அவசரச் சரக்குக்கும்தான் தந்தி. மற்றதெல்லாம் பேரேடும் கடிதமும். தினச்சிட்டாவில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, வருட முடிவில் ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கி வந்த பங்காளி, மறுநாள் காலையில் அந்தப் பேரேட்டைத் திறந்தால் யார் எவ்வளவு தரவேண்டும், எந்தத் தோட்டத்துக் கிராணி கணக்கில் நிலுவை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். போனவரின் மண்டைக்குள் வியாபாரம் மாட்டிக்கொண்டு கப்பலேறிவிடவில்லை. நகரத்தார் இன்னும் கறாராக நடத்தினார்கள். முதலாளி செட்டிநாட்டில், இங்கே மூன்று வருடத் தவணையில் வந்த ஏஜெண்டு, அவருக்குக் கீழே அடுத்தாள். தவணை முடிந்ததும் கணக்கு ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கடிதங்கள் சலாம் சொல்லி, எல்லோரும் நலம் என்று சொல்லி, ஊரில் மழை பெய்ததா என்று கேட்டு, அப்புறம்தான் கணக்குக்கு வரும். சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாவிட்டாலும் கடிதம் போகும். இரண்டு கப்பல் வந்தும் கடிதம் வரவில்லை என்றால், "என்ன ஆச்சோ" என்று ஊரிலிருந்து வந்த ஆளைத் தேடிப்பிடித்துக் கேட்பார்கள். தூரத்தில் இருப்பவரின் மௌனத்தை அவர்கள் சம்மதமாக எடுத்துக்கொள்ளவில்லை, அபாயக் குறியாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு வேறுபாட்டைத்தான் இன்று முழுக்கப் பேசப் போகிறேன். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

இதே பேராக்கில், இதற்கு நேர் எதிரான ஒரு தூரத்து நிர்வாகமும் நடந்தது. அதையும் பார்க்க வேண்டும்.

1877-இல் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மலாய் மாநிலங்களின் முதல் தந்திக் கம்பியும் அதே 1870களில் கோலாகங்சாருக்கும் தைப்பிங்கிற்கும் இடையே போடப்பட்டதுதான். அதாவது, தூரத்திலிருந்து நடத்தப்பட்ட பெருந்தொழிலும், தூரத்தை இணைக்கும் கருவியும் இங்கே ஏறக்குறைய ஒன்றாகவே முளைத்தன. பின்னாளில் பெரிய தோட்டங்கள் பல, லண்டனில் பதிவான கம்பெனிகளின் கைக்குப் போயின. இயக்குநர் சபை லண்டனில் கூடும். இங்கே ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்ஃபீல்டு, கத்ரி போன்ற முகவர் நிறுவனங்கள். அவர்களுக்குக் கீழே தோட்டத்துத் துரை. துரைக்குக் கீழே கிராணி, தண்டல், கங்காணி. எல்லோருக்கும் கீழே, விடியுமுன் பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கூப்பிடக் காத்திருக்கும் பால்வெட்டுத் தொழிலாளி. அவ்வப்போது முகவர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் வந்து தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவார்.

ஏக்கருக்கு எத்தனை பவுண்டு பால், பவுண்டுக்கு என்ன செலவு என்பதெல்லாம் கடல் கடந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. உத்தரவுகள் கீழே ஒழுங்காக வந்து சேர்ந்தன. லாபமும் வந்தது. நிரையில் நிற்கும் ஆள் என்ன நினைக்கிறார் என்று எழுதுவதற்கு மட்டும் அந்த அறிக்கையில் கட்டம் இல்லை. அவர் பேசவில்லை, ஆகவே அவருக்குக் குறை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள்.

1941-இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வு கேட்டார்கள், அது எதிர்பார்க்கக்கூடியது. கூடவே கேட்ட மற்றவற்றைப் பாருங்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்குவது தொழிலாளியின் மனத்தில் இவ்வளவு கனத்தது என்பதை லண்டனில் உட்கார்ந்திருப்பவர் எந்தக் கணக்கிலிருந்து தெரிந்துகொண்டிருக்க முடியும்? துரைக்கே தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டார்.

இன்று வீட்டிலிருந்து வேலை செய்பவரின் கணினியில் ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டு, சுட்டி அசைகிறதா, ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அது என்ன? பெரட்டுதான். கொட்டகை மட்டும் மாறியிருக்கிறது. அப்படிக் கண்காணித்தால் ஆள் உட்கார்ந்திருப்பார், வேலை நடக்கிறதா என்பது வேறு. எனக்கு அதில் கொஞ்சமும் மதிப்பு இல்லை.

ஆய்வாளர்களும் இதைக் கவனித்திருக்கிறார்கள். தாமஸ் ஆலன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் ஆய்வுக்கூடங்களில் பொறியாளர்கள் எவ்வளவு அடிக்கடி தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று அளந்தார். மேசைகளுக்கு இடையே ஐம்பது மீட்டர் ஆகிவிட்டாலே பேச்சு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று கண்டார். ஐம்பது மீட்டருக்கே அப்படி என்றால் ஈப்போவுக்கும் சென்னைக்கும் என்ன ஆகும்? பிறகு 2001-இல் கேத்தரின் கிராம்டன் என்பவர், வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒரே பணியைச் செய்த 13 மாணவர் குழுக்களின் மின்னஞ்சல்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். குழுக்கள் எங்கே உடைந்தன என்று பார்த்ததில், ஐந்து காரணங்களைச் சொன்னார். அதில் ஒன்று, மௌனத்தின் பொருள் விளங்காமல் போவது. ஒருவர் பதில் எழுதவில்லை. அவர் ஒப்புக்கொண்டாரா? மறுக்கிறாரா? ஊரில் இல்லையா? மின்னஞ்சலே போய்ச் சேரவில்லையா? மற்றவர்கள் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கெட்ட அர்த்தம். அவருடைய சூழ்நிலை தெரியாததால், "அவர் ஆளே அப்படி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒரே அறையில் இருந்திருந்தால், அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

மௌனம் சம்மதம் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். நிக்காஹ்வுக்கு வக்கீலும் சாட்சிகளும் போய்க் கேட்கும்போது மணப்பெண் வெட்கப்பட்டு மௌனமாக இருந்தால் அது சம்மதம். அதற்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. நம் புலனக் குழுவில் 60 பேரும் மணப்பெண்கள் அல்ல. (சிரிப்பு)

எனக்குத் தெரிந்த ஓர் அமைப்பில் நடந்தது. பழைய தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கும் நேரத்தில் புத்தகப் பையும் காலணியும் கொடுப்பார்கள். ஒரு வருடம், "இந்த முறை யார் வாங்குவது?" என்று புலனத்தில் ஒரு கேள்வி வந்தது. ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். இன்னொருவர் "இன்ஷா அல்லாஹ்" என்று போட்டார். மற்ற எல்லோருடைய நீலக் குறியும் விழுந்துவிட்டது. கட்டை விரல் காட்டியவர், "நல்ல யோசனை" என்று சொல்வதாக நினைத்துக் காட்டினார். இன்ஷா அல்லாஹ் போட்டவர், யாராவது வாங்கினால் தானும் பணம் தருவதாகச் சொன்னார். பள்ளி திறந்த அன்று பை இல்லை. யாரும் துரோகம் செய்யவில்லை, யாரும் சோம்பேறி இல்லை. அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேரும் படித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பழைய பையோடு போனார்கள்.

இதற்கு மாற்று என்ன? ஒரு வரி: "பைகளை இன்னார் வாங்குகிறார். இந்தத் தேதிக்குள். பணம் இந்தக் கணக்கிலிருந்து." அதற்கு அந்த இன்னார் தன் வாயால், "சரி, நான் வாங்குகிறேன்" என்று பதில் எழுத வேண்டும். எழுதாதவரை யாரும் பொறுப்பேற்கவில்லை என்றே கணக்கு. கேட்டவர் மறுநாள் போன் போட வேண்டும்.

இப்படி எழுதச் சொன்னால் நம்மில் பலருக்குக் கோபம் வருகிறது. "என் மேல் நம்பிக்கை இல்லையா? நாங்கள் வாய்ச்சொல்லில் கடை நடத்தியவர்கள்" என்கிறார்கள். அவர்களுக்கு நான் பணிவோடு சொல்வது: குர்ஆனில் மிக நீளமான வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றி. எழுத்தர் எப்படி எழுத வேண்டும், யார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், சாட்சிகள் யார், தொகை சிறிதானாலும் எழுதச் சலிக்கலாகாது என்று விரிவாகப் போகிறது. அந்த வசனம் மோசடிக்காரர்களை அழைத்துப் பேசவில்லை; ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் பேசுகிறது. நம்பிக்கை உள்ளவர்களுக்கிடையேதான் எழுத்து. எழுதுவது அவநம்பிக்கை அல்ல, அமானிதத்தைக் காப்பது. பொறுப்பு ஏற்பவர் மறந்து போகலாம், மாறிப் போகலாம், மவுத்தாகிப் போகலாம். எழுத்து இருந்தால் அடுத்தவர் எடுத்துச் செய்வார்.

தமிழர்கள் தூரத்திலிருந்தே சேர்ந்து செய்த ஒரு பெரிய வேலையைச் சொல்லுகிறேன். 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவிலிருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்றார்கள். பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி உலகத்துக்கு இலவசமாகக் கொடுப்பது நோக்கம். அலுவலகம் கிடையாது, சம்பளம் கிடையாது. தட்டச்சு செய்பவர் ஒரு நாட்டில், பிழை திருத்துபவர் இன்னொரு நாட்டில். அப்போது தமிழ் எழுத்துருக்களே ஆளுக்கு ஒன்றாக இருந்த காலம். ஒருவர் அனுப்பியது மற்றவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். அப்படியும் நூற்றுக்கணக்கான நூல்கள் ஏறின. நம் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அதில் இருக்கிறது.

அவர்கள் செய்த முறையில் எனக்குப் பிடித்தவை சில. வேலையைத் தனியாள் முடிக்கக்கூடிய துண்டுகளாக உடைத்தார்கள். ஒருவர் ஒரு நூலை, அல்லது ஒரு நூலின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார். எடுத்த துண்டு யாரிடம் இருக்கிறது என்பதில் குழப்பம் வராது. ஒருவர் தட்டியதை இன்னொருவர் பார்ப்பார். அதில் அவமானம் எதுவும் இல்லை, அது முறை. ஒவ்வொரு நூலின் தலைப்பிலும், தட்டச்சு செய்தவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று பெயர் போட்டார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கு அந்த ஒரு வரிதான் கூலி. நம் சங்கங்களில் மேடையில் நிற்பவருக்குப் பொன்னாடை. ஷா ஆலாமில் இரவு 11 மணிக்கு உட்கார்ந்து உபகாரச் சம்பள விண்ணப்பங்களைச் சரிபார்த்த பெண்ணின் பெயர் ஆண்டறிக்கையில்கூட வருவதில்லை. அடுத்த வருடம் அவர் ஏன் செய்யவில்லை என்று பிறகு ஆச்சரியப்படுகிறோம்.

அந்தத் தலைமுறைத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இன்னொன்றும் செய்தார்கள். 1997-இல் சிங்கப்பூர், 1999-இல் சென்னை, 2001-இல் நம் கோலாலம்பூர் என்று மாநாடுகள் நடந்தன. மின்னஞ்சலில் மட்டும் அறிந்தவர்கள் அங்கே நேரில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். எட்ட இருந்து வேலை செய்பவர்களுக்கு நேரில் சந்திப்பதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வருடத்தில் ஒரு நாள் சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கிடையே மௌனத்துக்குக் கெட்ட அர்த்தம் வருவது குறைவு. 2010-இலிருந்து மின்சார ரயில் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிவிடலாம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாள் ஒன்றை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் இருப்பவர் சாவகாசமாக மாலை 5 மணிக்குக் கூட்டம் வைத்தால் இங்கே இரவு 7.30, மஃரிபு. வெள்ளிக்கிழமை காலை 10.45-க்கு வைத்தால் இங்கே பகல் 1.15, ஜும்ஆ. அவர் வேண்டுமென்று வைப்பதில்லை, அவருக்குத் தெரியாது. நாமும் சொல்லாமல், கேமராவை அணைத்துவிட்டுத் தொழப் போய்விடுகிறோம். அவர் பக்கத்தில் அது "ஆள் இருக்கிறார், பேசவில்லை" என்று தெரிகிறது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. எங்கள் குழுவின் பொது நாட்காட்டியில் ஐந்து வக்துக்கும் கட்டம் போட்டுவிட்டோம். அதைப் பார்த்த பிறகு கிறிஸ்தவ நண்பர் ஞாயிறு ஆராதனை நேரத்தையும், ஒரு தாய் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரத்தையும் போட்டார்கள். அலோர் ஸ்டார் நண்பருக்கு வேறு சங்கடம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தான், திரெங்கானுவிலும் அப்படித்தான். நமக்கு ஞாயிறு ஓய்வு. அங்கே அரசாங்க அலுவலகம் திறந்திருக்கும். நாட்டுக்குள்ளேயே இப்படி.

வேலை பார்க்கும் இளையோருக்கு ஒரு சட்டத் தகவலும் சொல்லிவிடுகிறேன். வேலைவாய்ப்புச் சட்டம் 1955-இல் செய்த திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வேலை நேரம், வேலை நாள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றில் நெகிழ்வு வேண்டும் என்று ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பேசாமல் இருக்கக்கூடாது என்கிறது. வயதான அத்தாவை, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஈப்போவுக்கே திரும்பி வந்து வேலை செய்ய நினைக்கும் பிள்ளைகள் இதைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது எதுவென்றால், பாதிப் பேர் மண்டபத்தில், பாதிப் பேர் திரையில் என்று நடத்தும் கூட்டம். எல்லோரும் திரையில் இருந்தால்கூடப் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே கஷ்டம். கலந்து இருக்கும்போது மண்டபத்தில் இருப்பவர்கள் திரையில் இருப்பவர்களை மறந்துவிடுகிறார்கள். இங்கே ஒருவர் வேடிக்கையாக ஏதோ சொல்வார், எல்லோரும் சிரிப்பார்கள். அங்கே இருப்பவருக்குச் சிரிப்பு மட்டும் கேட்கும். தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான முடிவு எடுக்கப்படும். அது நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஆகவே மண்டபத்தில் ஒருவரைத் திரைக்குப் பொறுப்பாளராக உட்கார வையுங்கள். திரையில் யார் கை தூக்குகிறார் என்று பார்ப்பது மட்டுமே அவர் வேலை. ஒவ்வொரு விஷயத்திலும் தலைவர் முதலில் திரையில் இருப்பவர்களின் கருத்தைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும், பிறகு மண்டபத்தில் இருப்பவர்கள். டீ குடிக்கும்போது பேசியது முடிவாகாது. முடிவு அன்றிரவே எழுதி எல்லோருக்கும் போக வேண்டும். நம் மார்க்கம் மசூராவை வலியுறுத்துகிறது. மசூராவில் இருந்தவரிடம் கருத்துக் கேட்காவிட்டால் அது மசூராவே அல்ல.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் வந்தபோது இதை நாம் அனுபவித்தோம். ஜும்ஆ இல்லை. அந்த வருட ரமலானில் பள்ளியில் தராவீஹ் இல்லை, கஞ்சி விநியோகம் இல்லை. மாநிலம் தாண்ட முடியாமல், கோலாலம்பூரில் இருந்த பிள்ளைகள் இங்கே தகப்பனின் ஜனாஸாவைக் கைப்பேசியில் பார்த்தார்கள். கபர்ஸ்தானில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மண் போடும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் கையை அசைக்காமல் பிடித்திருந்தார் என்று ஒரு மகன் என்னிடம் சொன்னார். அவர் இன்றைக்கும் அந்த மனிதருக்கு நோன்புப் பெருநாள் அன்று முதல் போன் போடுகிறார். இந்தக் கருவிகளைக் குறை சொல்லும்போது அதையும் நினைத்துக்கொள்வோம்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. இரவு 9 மணிக் கூட்டத்துக்கு எப்போதும் வராத பெண்கள், சமையலறையில் போனை வைத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். கைராத் நிதியில் விதவைகளுக்குப் பணம் போய்ச் சேர எத்தனை நாளாகிறது என்ற கேள்வியை அவர்கள்தான் முதலில் கேட்டார்கள். ஐம்பது வருடமாக அவர்கள் பேசவில்லை என்பதால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கட்டுப்பாடு நீங்கியதும் கூட்டம் மண்டபத்துக்குத் திரும்பியது, அவர்கள் மறுபடி காணாமல் போனார்கள். இதைச் செயலவை கவனிக்க வேண்டும்.

எட்டாதவர்களும் இருக்கிறார்கள். சபாவில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தில் ஏறியதை அந்த வருடம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே சில பழைய தோட்டக் குடியிருப்புகளில் வாசலில் வந்து நின்றால்தான் இன்னும் அலைவரிசை கிடைக்கும். காது கேளாத பெரியவர்கள் இருக்கிறார்கள். எழுத்துச் சிறிதாகத் தெரியும் கண்கள் இருக்கின்றன. முன்பு சைக்கிளில் ரொட்டி கொண்டு தோட்டம் தோட்டமாகப் போன பாய், செய்தியும் சேர்த்துக் கொண்டுபோவார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவர் வீட்டில் கல்யாணம், அவர் வீட்டில் மவுத்து என்று. அந்த வேலைக்கு இன்றும் ஆள் வேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒருவர், மாதம் ஒரு முறை போன் இல்லாத பத்து வீடுகளுக்கு நேரில் போய்ச் சங்கத்தின் முடிவுகளைச் சொல்லி, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வர வேண்டும். எழுதிக்கொண்டு வருவதுதான் முக்கியம். சொல்லிவிட்டு மட்டும் வந்தால் அது பழைய லண்டன் வேலை.

கடைசியாகச் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். நம் சட்டவிதியின்படி செயலவைக் கூட்டத்துக்கு நேரில் வந்தவர்கள்தான் எண்ணிக்கையில் சேர்வார்கள். வெளியூர் உறுப்பினர்கள் திரைவழி கலந்துகொண்டாலும் வருகையாகக் கொள்ளலாம், வாக்களிக்கலாம், அவர்களுக்கெனச் செயலவையில் நான்கு இடங்கள் ஒதுக்கலாம் என்ற திருத்தம் வேண்டும். ஆண்டுக்கூட்டம் ஏற்றாலும் சங்கப் பதிவிலாகா ஒப்புதல் அளித்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். ஆகவே இப்போதே தொடங்கினால்தான் நேரம் சரியாக இருக்கும். தீர்மான நகல் வாசலில் மேசை மேல் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் கையெழுத்திடுங்கள். எதிர்ப்பவர்களுக்கும் கீழே ஒரு பத்தி விட்டிருக்கிறேன்; காரணத்தை இரண்டு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். திரையில் இருப்பவர்களுக்கு அதே படிவம் இன்றிரவு இஷாவுக்குப் பிறகு வரும். பதில் வராதவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானே போன் செய்கிறேன்.